எர்த் இல்லாத வீடு

என் மனைவியைக் குளிப்பாட்ட இருபத்தேழு செம்பு தண்ணீர் வேண்டும். பச்சைத் தண்ணீரோடு கலப்பதற்காக நாலு சருவம் வெந்நீர் காய்ச்சுவேன். அடுப்படியிலிருந்து குளியலறைக்கு என் நடையில் இருபத்திரண்டு எட்டு. நாலு சருவத்துக்கும் போகவர நூற்று எழுபத்தாறு எட்டு. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள். எழுபத்துநாலு வயதில் இதைச் செய்துகொண்டிருந்தேன்.

அவளுக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய், பிறகு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நான் மனதுக்குள் ஐந்து எண்ணலாம், சில நேரம் பத்து. குளிர்ந்த தண்ணீர் பட்டால் அவள் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அதனால்தான் வெந்நீர்.

ஒரு சனிக்கிழமை, மூன்றாவது சருவத்தோடு போகும்போது என் கை நடுங்கியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் வலது தொடையில் கொஞ்சம் வெந்நீர் சிந்திவிட்டது. அவள் கத்தவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. ஆகவே நான் பெரிதாக நினைக்கவில்லை. மறுநாள் காலை சேலை மாற்ற வந்த அம்மாதான் கொப்புளத்தைப் பார்த்தாள். அந்த அம்மா நாலு தெரு தள்ளி இருக்கிறவள். முன்பு தறி ஓட்டியவள். என் மனைவியைத் தூக்கி உட்கார வைக்கவும் துடைத்துவிடவும் தினமும் வருகிறாள்.

"சாரு, இங்க வந்து பாருங்க. கோழிமுட்டை மாதிரி கெளம்பியிருக்கு. அம்மாவுக்கு இந்தப் பக்கம் தீக்கங்க வச்சாலும் தெரியாது. இது உங்களுக்குத் தெரியாதா? இனிமே நீங்க வெந்நியத் தூக்குனா நான் வரமாட்டேன், சொல்லிப்புட்டேன்."

அன்றைக்கே மகன் மதுரையிலிருந்து வந்திருந்தான். கொப்புளத்தைப் பார்த்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

"அப்பா, நீங்க செய்யறது தப்புன்னு சொல்லல. முடியலன்னா முடியலன்னு ஒத்துக்கங்க. எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு இல்லம் இருக்கு. நர்சுக இருக்காங்க. நான் தெனமும் போய்ப் பாத்துக்குவேன்."

"இது அவ வீடு."

"சரி. ரெண்டு வாரம் பாப்போம். ஒரு கீசராவது மாட்டுங்க. மாட்டி, அம்மா பத்திரமா குளிச்சா நான் ஒண்ணும் சொல்லல. இல்லன்னா கூட்டிட்டுப் போயிருவேன்."

ஐம்பது வருடத்துக்கு ஒரு வருடம் குறைவாக அவளோடு இருந்திருக்கிறேன். அந்தக் கணக்கு ஒரு வெந்நீர்ப் பாத்திரத்தில் வந்து நின்றுவிட்டது. கீசர் மாட்டி அவள் பத்திரமாகக் குளித்தால் என்னோடு இருப்பாள். இல்லாவிட்டால் போய்விடுவாள். வேறு எதைப் பற்றியும் அந்த இரண்டு வாரம் நான் யோசிக்கவில்லை.

அருப்புக்கோட்டை பஜாரில் பதினைந்து லிட்டர் கீசர் ஒன்று எடுத்தேன். நாமே மாட்டினால் உத்தரவாதம் கிடையாது, கம்பெனி ஆள் வந்துதான் மாட்ட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று ஒன்பது நாள் போயிற்று. நான் ஆறு தடவை போன் செய்தேன். அதுவரை ஈரத் துணியால் துடைத்துவிடுவதுதான் அவளுக்குக் குளியல். கொப்புளம் உடைந்து ஆறிக்கொண்டிருந்தது. உடம்பில் வேர்வை நாற்றம் ஏறிவிட்டதென்று அவளுக்கே தெரிந்தது. நான் பக்கத்தில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாழ்நாளில் ஒரு நாள்கூடக் குளிக்காமல் அடுப்புப் பற்றவைக்காதவள்.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை, கம்பெனி ஆள் வந்தார். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர் பத்து இருபதுக்கு வந்தார். மல்லாங்கிணற்றுக்காரர், நாற்பது வயது இருக்கும். ஸ்கூட்டரின் முன்னால் பையும், தோளில் ஒரு டிரில் மெஷினும்.

"மன்னிச்சுக்கங்க சார், வழியில ஒரு வீடு. கீசரு போட்டு ரெண்டு வருசம், தொறந்து பாத்தா உள்ள ஒரு படி உப்பு. உங்க தண்ணி எப்படி?"

"போர்த் தண்ணி. உப்புத்தான்."

"இந்தப் பக்கம் கேக்கவே வேணாம். வருசம் ஒருக்கா கூப்பிடுங்க, ராடைக் கழட்டிச் சொரண்டித் தாரேன். இல்லன்னா சுண்ணாம்புக் காளவாசல் ஆயிரும்."

கூடத்தில் கட்டிலில் படுத்திருந்த என் மனைவியைப் பார்த்து, "வணக்கம்மா. இன்னைக்கே சுடுதண்ணி வந்துரும்" என்றார். அவள் தலையை அசைத்தாள். கட்டிலுக்கு நேர் எதிரேதான் குளியலறைக் கதவு. உள்ளே நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், கேட்கும்.

அவர் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு சுவிட்சுப் பெட்டிக்கு வந்து, மீட்டரின் இரண்டு ஊசிகளையும் பிளக் ஓட்டைகளில் மாற்றி மாற்றி வைத்தார். முகம் சுருங்கியது. பையிலிருந்து, இரண்டு ஒயர் தொங்கும் ஒரு ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பை எடுத்தார். கீழே இருக்கும் இரண்டு ஓட்டையில் வைத்ததும் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஒரு ஒயரை எடுத்து மேலே எர்த்துக்காக இருக்கும் பெரிய ஓட்டையில் வைத்தார். எரியவில்லை.

"சார், எர்த்து எங்க போட்டிருக்கு?"

"பின்னால போர் குழாயில. இரும்புக் குழாய். வயரிங் பண்ணும்போது நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"வாங்க, காட்டுங்க."

கொல்லைக்குப் போனோம். போர் வாயில் நீலப் பிளாஸ்டிக் குழாய் நின்றது. சுவரில் பதித்த பழைய எர்த் கம்பி பாதி உயரத்தில் வெட்டுப்பட்டு, பாம்பு மாதிரி சுருண்டு தொங்கியது. அவர் அதைப் பிடித்துத் தூக்கினார். அதன் மறுமுனையில் ஒன்றும் இல்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் தண்ணீர் கீழே போய்விட்டது. போரை ஆழப்படுத்தினோம். அப்போது பழைய இரும்புக் குழாய்களை உருவி எடுத்துப் பிளாஸ்டிக் இறக்கினார்கள். அன்று காலையிலிருந்து மாலை வரை நான் அங்கேயே நின்றேன். குழாய் ஒவ்வொன்றும் இருபதடி, மொத்தம் பத்தொன்பது. வெளியே வர வர எண்ணினேன். ஒன்று குறைந்தாலும் விடக் கூடாதென்று எண்ணினேன். முதல் குழாயைக் கழற்றும்போதே யாரோ அந்தக் கம்பியை வெட்டியிருக்க வேண்டும். பத்தொன்பது குழாயை எண்ணியவன் ஒரு கம்பியைப் பார்க்கவில்லை.

உள்ளே வந்ததும் அவர் மீட்டரின் ஒரு ஊசியை பிரிட்ஜின் கதவில் வைத்தார், இன்னொன்றை ஈரத் தரையில். பிறகு கிரைண்டரில். மீட்டரில் எண் ஏறியது.

"கிரைண்டர்ல இருந்து கசியுது சார். எர்த்து இருந்தா மண்ணுக்குள்ள போயிருக்கும். இல்லாததுனால அந்த ஒயரு வழியா எல்லா சாமானுக்கும் பரவுது. எட்டு வருசமா வெறுங்காலோட ஈரக் கையோட தொட்டா சுர்ருன்னு இழுத்திருக்குமே? வீட்டுல யாரும் சொல்லலையா?"

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நான்... சொன்னேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அவள் சொன்னாள்தான். எட்டு வருடமாகச் சொன்னாள். பிரிட்ஜைத் தொட்டால் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது, கிரைண்டரில் கை வைத்தால் முழங்கை வரைக்கும் ஏறுகிறது என்று. நான் முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். டெஸ்டரை எடுத்துக்கொண்டு போவேன். சமையலறையில் சாமி படம் இருப்பதால் அங்கே செருப்புக் கிடையாது. ஆனால் வெறுங்காலோடு மின்சாரத்தைச் சோதிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆள் நான். ஆகையால் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று டெஸ்டரை வைப்பேன். எரியாது. "பாத்தியா, ஒண்ணுமில்ல. ஒனக்கு நரம்புத் தளர்ச்சி" என்பேன். நாலு தடவையோ ஐந்து தடவையோ அப்படிச் சோதித்தேன். வாழ்க்கையில் எனக்குச் சரியான எண் நினைவில்லாத ஒன்று அதுதான். பிறகு அவள் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பிரிட்ஜைத் திறப்பாள்.

இதைக் கம்பெனி ஆளிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். பதற்றத்தில் சொல்லிவிட்டேன்.

"பலகை மேல நின்னா எப்படி சார் எரியும்? உங்க ஒடம்பு வழியா கொஞ்சம் தரைக்கு எறங்குனாத்தான டெஸ்டருல லைட்டு வரும்?" என்று சிரித்தார். "பிசிக்ஸ் வாத்தியாருன்னு சொல்றீக. உங்க வீட்டுலயே இப்படின்னா நாங்கல்லாம் எங்க போறது?"

பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அவர் சொன்னது எட்டாம் வகுப்புப் பாடம். பிளக்கில் மூன்றாவது ஊசி ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது என்று வருடத்துக்கு மூன்று பிரிவுக்கு நடத்தியிருக்கிறேன்.

"சரி, இன்னைக்கு கீசர மாட்டிருங்க. எர்த்து அடுத்த வாரம் போட்டுக்கலாம்" என்றேன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள அவ குளிக்கணும்."

"மாட்ட மாட்டேன் சார்."

"நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"கையெழுத்து எதுக்கு சார்? தண்ணியில கரண்டு வந்தா நம்ம கைய வெடுக்குனு எடுத்துக்குவோம். அம்மாவுக்கு அந்தப் பக்கம் உணர்ச்சியே இல்லைங்கிறீக. அவுக எப்படி எடுப்பாக?"

நாளைக்குக் காலையில் குழி தோண்ட ஒரு ஆளோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. நாலு கரண்டி ரசச் சோறு ஊட்டுவேன். ஒரு கரண்டியோடு வாயை மூடிக்கொண்டாள். படுத்தபடி பிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குத் தோண்ட ஆரம்பித்தார்கள். கரிசல் மண். மேலே இரண்டடிக்கு என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதற்குக் கீழே கடப்பாறை போட்டால் கல்லில் பட்ட மாதிரி ஓசை. நாலடியில் ஈரம் வரும் என்றார்கள். வரவில்லை. ஐந்தடியில் வரும் என்றார்கள். ஏழடி போன பிறகும் மண் பொடியாகத்தான் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பிடித்துப் பார்த்தேன். உருண்டை பிடிக்கவில்லை.

துடைக்க வந்த அம்மா கொல்லை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்ன சாரு, கெணறு வெட்டுறீகளா? தண்ணி வந்தா எனக்கு ரெண்டு கொடம்."

"தண்ணி எடுக்கல ஆத்தா, தண்ணி ஊத்தப் போறோம்" என்றார் குழிக்குள் இருந்தவர்.

"நல்லாருக்கு கூத்து. குடிக்கத் தண்ணி ஒம்பது நாளைக்கு ஒருக்கா வருது. குழிக்கு ஊத்தப் போறாகளாம்."

"உப்புத் தண்ணிதான் ஊத்தணும். உப்புத்தான் எர்த்துக்கு நல்லது" என்றார் கம்பெனி ஆள்.

"அப்ப எங்க ஊருக்கு ஏத்த சாமான்தான்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதைச் சுற்றி அடுக்கடுக்காகக் கரியும் கல்லுப்பும் போட்டார்கள். ஆறு சட்டிக் கரி, நாலு பை உப்பு. பிறகு வாளி வாளியாகப் போர்த் தண்ணீர் ஊற்றினோம். மண் சத்தம் போட்டுக்கொண்டு குடித்தது. பன்னிரண்டு வாளிக்குப் பிறகுதான் மேலே நின்றது. புதுக் கம்பியை முடுக்கி, சுவரோடு கொண்டுபோய்ப் பெட்டியில் சேர்த்தார். கிரைண்டர் ஒயரைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டார்.

"வெயில் காலத்துல தெனம் ஒரு கொடம் ஊத்துங்க சார். இந்த மண்ணு காஞ்சா எர்த்து செத்துப்போகும்."

குண்டு பல்பை மறுபடியும் அந்த மேல் ஓட்டையில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. அவர் அதைக் கையில் பிடித்தபடியே நடந்து, ஒயர் எட்டும் தூரம் வரை வந்து, கட்டிலில் கிடந்த என் மனைவிக்குக் காட்டினார்.

"பாருங்கம்மா. இனிமே கடிக்காது."

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தின் இடப்பக்கம் மட்டும் அசைந்தது. சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கீசர் மாட்ட ஒன்றே கால் மணி நேரம்தான். சுவரில் நாலு ஓட்டை, நாலு போல்ட்டு. மேலே தூக்கி மாட்டும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். தண்ணீர் உள்ளே போக ஒரு குழாய், வெளியே வர ஒரு குழாய், அழுத்தம் அதிகமானால் திறந்துகொள்ள ஒரு வால்வு. சூட்டுக் குமிழை நாற்பதில் வைத்து, அதற்குமேல் திரும்பாதபடி டேப் சுற்றினார். தண்ணீரைத் திறந்து தன் முழங்கையில் விட்டுப் பார்த்தார். என் முழங்கையிலும் விடச் சொன்னார். கையைவிட முழங்கைதான் சரியாகச் சொல்லும் என்றார். ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மணி மூன்று. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

அவள் என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்டாள் என்றால், இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானே சொன்னேன். ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லாதது.

அவளுக்கு வாதம் வந்த அன்று குடிதண்ணீர் வரும் நாள். ஒன்பது நாளுக்கு அப்புறம் வந்திருந்தது. எட்டரைக்கு வந்தது. நான் வாசலில் குடங்களை நிரப்பி எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோராவது குடம் நிரம்பும்போது மணி எட்டு ஐம்பது. சமையலறையிலிருந்து அவள் சத்தம் கொடுத்தாள். வலது கை மரமரவென்று இருக்கிறது என்றாள். கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் இருந்தபடியே, "சுவிட்ச்ச அமத்து. அமத்திட்டுப் பலகையில ஏறி நில்லு, சரியாப் போகும்" என்று சொன்னேன். கிரைண்டர் சத்தம் நின்றது. குழாயில் தண்ணீர் மெலிந்துகொண்டே போனது. எந்த நேரமும் நின்றுவிடும். நான் உள்ளே போகவில்லை. முப்பத்திரண்டாவது குடத்தின்போது ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. ஒன்பது நாற்பது. ஓடிப்போனால், பலகைக்குப் பக்கத்தில் கிடந்தாள். நான் சொன்னபடி அதில் ஏறித்தான் நின்றிருக்கிறாள்.

இங்கே ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸ், மதுரைக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று ஐம்பது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். எட்டு ஐம்பது என்று உண்மையைச் சொன்னேன். டாக்டரிடம் நேரத்தை மாற்றிச் சொல்லக் கூடாது என்ற அறிவாவது இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐந்து மணி நேரம் ஆயிருச்சே ஐயா. முக்கால் மணி முன்னால வந்திருந்தாக்கூட ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம்" என்றார். நான் குடம் நிரப்பிய நேரம் ஐம்பது நிமிடம். வெளியே நின்ற மகன் கேட்டபோது ஒன்பது நாற்பது என்று சொன்னேன். அவனுக்கு இன்றைக்கும் ஒன்பது நாற்பதுதான்.

கிரைண்டர் கடிப்பதே அவள் மனப்பிரமை என்று நம்பியிருந்தவன் நான். அன்றைக்கு அவள் கையைப் பற்றிச் சொன்னபோது, அந்தப் பழைய புலம்பல்தான் என்று நினைத்தேன். பொய் என்று நான் முடிவுகட்டிய ஒன்று நிஜமாக இருந்தது. அதன் பின்னால் ஒளிந்துகொண்டு இன்னொரு நிஜம் வந்துவிட்டது. இரண்டையும் பார்க்க அடுப்படி வரை நடந்திருந்தால் போதும்.

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது அவளுக்கு அதுவரை தெரியாது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். உதடுதான் அசைந்தது.

"எத்தன... கொடம்?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் கூப்பிட்டதற்கு அப்புறம் நான் நிரப்பியதைக் கேட்கிறாள்.

"இருபத்தொண்ணு" என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை குளித்தாள். அந்த அம்மாவும் நானுமாக நாற்காலியில் உட்கார வைத்தோம். முழங்கையில் மூன்று முறை பார்த்தேன். தண்ணீர் முதுகில் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு வாரத்து அழுக்கு நுரையோடு ஓடியது.

"என்னம்மா, கோயில் யானை மாதிரி சொகமா இருக்கீக. எந்திரிக்கிற யோசனை இல்லையா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"இன்னும்" என்றாள் என் மனைவி. முப்பத்துநாலு செம்பு ஆயிற்று. கீசர் தண்ணீர் தீர்ந்து மறுபடி காய்ந்தது. தலை துவட்டி, பவுடர் போட்டு, வெளுத்த சேலை கட்டிவிட்டாள் அந்த அம்மா. நான் நாற்காலியை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போய், தலை காய வெயிலில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று நினைத்தேன். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

மகன் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தான். குளியலறைக்குள் போய்க் கீசரைப் பார்த்தான். குழாயைத் திறந்து முழங்கையை நீட்டச் சொன்னேன், நீட்டினான். கொல்லைக்குக் கூட்டிப்போய் எர்த் குழியைக் காட்டினேன். கரி எத்தனை சட்டி, உப்பு எத்தனை பை, எத்தனை வாளி என்று சொன்னேன். ஏன் புதிதாகப் போட்டோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. பழசு துருப்பிடித்துவிட்டது என்றேன்.

"நல்லா பண்ணியிருக்கீங்கப்பா" என்றான். "சரி. அம்மா இங்கயே இருக்கட்டும். நான் வாராவாரம் வந்து பாத்துக்கறேன்."

கூடத்துக்கு வந்து அவள் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். "என்னம்மா, சுடுதண்ணி எப்படி?"

"நல்லாருக்கு" என்றாள். பிறகு, "நான் வாரேன்" என்றாள்.

"எங்கம்மா?"

"ஒன்னோட. அங்கன."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, அதுக்குத்தான் கீசர் மாட்டியாச்சே. அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்காங்க. இங்க என்ன கொறை?"

"கொறை இல்ல."

"அப்புறம் என்னம்மா?"

அவள் என்னைத்தான் பார்த்தாள். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. நடுவில் நான் எண்ணவில்லை.

"அங்கன... சொன்னா... வந்து பாப்பாக."

மகன் அதை நர்சுகளைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொண்டான். ஆமாம்மா, இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருப்பாங்க என்றான். அவள் தலையாட்டினாள். எதையும் அவனிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. எனக்காக மறைத்தாளா, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டாளா, தெரியாது. கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

அடுத்த புதன்கிழமை கார் வந்தது. அவளுடைய சேலை ஒன்பது, துண்டு நாலு, மருந்துப் பெட்டி ஒன்று. அந்த அம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"அவுகள என்னத்தச் சொன்னீக சாரு? ஒண்ணும் சொல்லாமலா வீட்ட விட்டுப் போறாக? எத்தன தறி ஓடுனாலும் இழை அந்து போச்சுன்னா எனக்குச் சத்தத்துலயே தெரியும். எங்கிட்ட மறைக்காதீக."

"நான் ஒண்ணும் சொல்லல" என்றேன். பிறகு, "கேக்கலதான்" என்றேன். கார் சத்தத்தில் அது அவள் காதில் விழவில்லை.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் பஸ்ஸில் மதுரைக்குப் போகிறேன். அந்த இல்லத்தில் அவளுடைய அறை மாடியில், ஜன்னலோரம். கட்டிலின் இடப்பக்கத்தில், அவளுடைய நல்ல கைக்கு எட்டும்படியாக, ஒரு வெள்ளைப் பொத்தான் தொங்குகிறது. முதல் தடவை போனபோது நான் நாற்காலியில் உட்கார்ந்து, ஊரில் மழை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பாதியில் பொத்தானை அழுத்தினாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. நீலச் சட்டை போட்ட ஒரு பெண் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"என்னம்மா? எங்க வலிக்குது?"

"ஒண்ணுமில்ல. சும்மா" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. போர்வையைச் சரிசெய்தாள், நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், போய்விட்டாள்.

நான் அங்கே இருந்த ஒரு மணி நேரத்தில் அவள் மூன்று தடவை அழுத்தினாள். மூன்று தடவையும் ஆள் வந்தது.